பத்திரத்துக்கு வக்கீல் உண்டு, சுவருக்கு யார்?

தூத்துக்குடியில் இடம், வீடு பற்றிய பேச்சு எந்த டீக்கடையில் ஆரம்பித்தாலும் கடைசியில் சிலாநத்தத்தில் போய்த்தான் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜூலை 26 அன்று, வாகைகுளம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் விரிவாக்கம் வேறு. இத்தனையையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு, "இப்ப விட்டா பிறகு இந்த விலைக்கு அமையாது அண்ணாச்சி, வேற பார்ட்டி ரெடியா நிக்காங்க" என்கிறார் தரகர். மாலையில் வீட்டைப் பார்த்தவர் மறுநாள் காலையில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

கொடுத்த பிறகுதான் மற்ற எல்லாம் நடக்கின்றன. வக்கீல் பத்திரம் பார்க்கிறார். வங்கிக்காரர் மதிப்பீட்டாளரை அனுப்புகிறார். அவர் போட்ட தொகை பேசிய விலைக்குப் பல லட்சம் கீழே நிற்கிறது. அதையும் எப்படியோ புரட்டிச் சமாளித்துக் குடியேறினால், ஐப்பசி மழைக்குச் சுவரின் அடியில் உப்புப் பூத்துக் கிளம்புகிறது. அடுத்த வருடம் சன்ஷேடின் அடியிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது, உள்ளே கம்பி பழுப்பாகத் தெரிகிறது.

நம் ஊரில் வீடு வாங்குகிறவர்கள் அசட்டையானவர்கள் இல்லை. வில்லங்கம் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில் என்று கேட்காத ஆள் கிடையாது. ஆனால் அந்த அக்கறை முழுவதும் காகிதத்தோடு முடிந்துவிடுகிறது. கட்டடத்தை ஆராய்வதற்கென்று ஓர் ஆளை அமர்த்தும் வழக்கம் நமக்கு இல்லை. உப்பளமும் கடலும் நான்கு பக்கமும் சூழ்ந்த ஊரில் இந்தக் குறை மற்ற ஊர்களைவிட அதிகமாகக் கடிக்கிறது.

ஒரு வீட்டுக்கு மூன்று விலை

முதலில் விலையைப் பார்ப்போம். ஒரே வீட்டுக்கு மூன்று விலைகள் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிப்பது ஒன்று. பதிவுத்துறை தெருவாரியாக, சர்வே எண் வாரியாக நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இன்னொன்று. கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதித் தருவது மூன்றாவது.

வழிகாட்டி மதிப்பைப் பலர் வீட்டின் உண்மையான விலைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படிப்பட்டதல்ல. அரசு முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக வைத்திருக்கும் கணக்கு அது. 2017 ஜூனில் தமிழகம் முழுவதும் அதை ஒரேயடியாக 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பி, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தினார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் எந்த வீட்டின் சுவரும் மாறவில்லை, எந்தத் தெருவிலும் தண்ணீர் தேங்குவது நிற்கவில்லை. செலவைக் கணக்கிட அந்த எண் வேண்டும். வீட்டை எடைபோட உதவாது.

வங்கி மதிப்பீட்டாளரின் எண் வேறு விதம். அவர் மனையைத் தனியாகவும் கட்டடத்தைத் தனியாகவும் கணக்கிடுகிறார். மனைக்கு அக்கம்பக்கத்தில் பதிவான கிரையங்களைப் பார்க்கிறார். கட்டடத்துக்கு இன்றைய கட்டுமானச் செலவைப் போட்டு, வயதுக்கு ஏற்ற தேய்மானத்தைக் கழிக்கிறார். அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத மாடியைப் பல வங்கிகள் மதிப்பிலேயே சேர்ப்பதில்லை. மாடி கண்ணெதிரே நின்றாலும் கணக்கில் பூஜ்யம்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 சென்ட் மனை, அதாவது 2,178 சதுர அடி. அதில் 20 வருடம் பழைய, 1,200 சதுர அடி வீடு. பேசி முடித்த விலை 60 லட்சம். மதிப்பீட்டாளர் மனைக்குச் சதுர அடி 1,400 ரூபாய் போட்டால் 30.49 லட்சம். கட்டடத்துக்கு 1,800 ரூபாய் போட்டால் 21.6 லட்சம். கட்டடத்தின் ஆயுளை 60 வருடம் என்றும், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்றும் வைத்தால், 20 வருடத் தேய்மானம் 30 சதவீதம். கழித்தது போக 15.12 லட்சம். மொத்தம் 45.61 லட்சம்.

பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது உச்ச வரம்பு. ஆக இந்த வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய கடன் 36.5 லட்சம். மீதி 23.5 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு 5.4 லட்சம். பத்திரச் செலவைப் பொதுவாக வங்கி கடன் கணக்கில் சேர்ப்பதில்லை. கூட்டினால் ஏறக்குறைய 29 லட்சம் கையில் இருந்தால்தான் இந்த வீடு. 60 லட்சத்தில் 80 சதவீதம் கடன் கிடைத்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டவர் 17.4 லட்சத்தைத்தான் தயாராக வைத்திருப்பார். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இந்தப் பதினொன்றரை லட்சம் வித்தியாசம் தெரியவந்தால், நகைதான் அடகுக்குப் போகும். இல்லையென்றால் அட்வான்ஸ் போகும்.

இந்த இடத்தில்தான் சிலர் பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற வழிக்குப் போகிறார்கள். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் வங்கிக் கடனும் அந்த அளவுக்குக் குறையும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைக்கிறது. மதிப்பு குறைவு என்று பதிவு அலுவலர் கருதினால், இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் பத்திரம் சிறப்புத் துணை ஆட்சியர் மேசைக்குப் போகும். சொத்துக் கிரையத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதத்துக்கு வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டின் விலை 50 லட்சத்தை எட்டினால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பும் உண்டு.

இத்தனையிலும் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மதிப்பீட்டாளர் வங்கியின் ஆள். கட்டணம் நம் கையிலிருந்து போனாலும் அவர் பதில் சொல்வது வங்கிக்கு. கடன் திரும்பாமல் போனால் வீட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் கேள்வி. அளவு பார்ப்பார், வயது கேட்பார், போட்டோ எடுப்பார், போய்விடுவார். கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலையில்லை. ‘பேங்க் ஆளே பார்த்துட்டுப் போயிட்டாரு’ என்று நிம்மதி அடைகிறவர்கள், யாருமே பார்க்காத வீட்டைத்தான் வாங்குகிறார்கள்.

உப்புத் தின்ற கம்பி

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பைச் சுற்றி இயல்பாகவே ஒரு காப்புப் படலம் உண்டு. சிமென்ட்டின் காரத்தன்மை அதைக் காத்து நிற்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. பிறகு கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. வெளியே மயிரிழை வெடிப்பு தெரியும் நேரத்தில் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

உப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று காற்று, அதை யாரும் தடுக்க முடியாது. மற்றது தண்ணீர், இதை நாமே கொண்டுவந்து ஊற்றுகிறோம். முத்தையாபுரம், முள்ளக்காடு, தருவைக்குளம் பக்கமெல்லாம் நிலத்தடி நீர் கரிப்பது ஊருக்கே தெரியும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் போர் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றி நீராற்றிய வீடுகள் எத்தனை என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 456. கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் ‘கடுமையான சூழல்’ என்ற வகையில் வைத்து, எம்-30 தரக் கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும் என்றும் அது சொல்கிறது. உள்நாட்டில் லேசான சூழலுக்குப் போதுமான எம்-20 கலவையில், முக்கால் அங்குல மூடலில், கடலைப் பார்த்து நிற்கும் சன்ஷேடை வார்த்தால் அது எத்தனை வருடம் தாங்கும்?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் முதலில் தேவையில்லை. பழகிய மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கூடத்தைப் பார்க்க மாட்டார். நேராக மாடிப்படியின் அடிப்பக்கம் போவார். பிறகு பால்கனியின் அடி, குளியலறைக்குக் கீழே உள்ள அறையின் கூரை, மொட்டைமாடித் தொட்டியின் தூண்கள், ஜன்னலுக்கு மேல் லிண்டல். கையில் இருக்கும் சுத்தியலின் பிடியால் கூரையைத் தட்டிக்கொண்டே நடப்பார். கெட்டியான இடத்தில் ‘டக், டக்’ என்று நிற்கும் ஒலி, ஓர் இடம் வந்ததும் ‘தொப், தொப்’ என்று மாறும். அங்கே கான்கிரீட் கம்பியை விட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். கம்பி ஓடும் வரிசையிலேயே நேர்கோடாக வெடிப்பு ஓடினால், அதில் பழுப்புக் கசிவு இருந்தால், வேறு சாட்சி வேண்டாம்.

அவர் கண்ணுக்குத் தப்பாத இன்னொன்று புதிதாகச் செய்த வேலை. பழைய வீட்டில் ஒரே ஓர் அறைக்கு மட்டும் பால்ஸ் சீலிங் ஏன்? கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஏன் ஒட்டியிருக்கிறது? ஓதம் ஏறும் உயரமும் ஏறக்குறைய அதுதான். விற்பதற்கு முன்பு பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, வீட்டைப் புதுசாக்கிக் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் பெயிண்ட் காயாத சுவரை ஒரு மழை பார்க்காமல் நம்பக் கூடாது. தூத்துக்குடிக்கு மழை என்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். சித்திரையில் பார்க்கும் வீடு எல்லாமே உலர்ந்துதான் இருக்கும்.

மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த படி கட்டமைப்புப் பொறியாளர். ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியால் கான்கிரீட்டின் கடினத்தை உடைக்காமலே அளக்கலாம். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி உண்டு. துரு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மின்னழுத்தத்தை வைத்துச் சொல்லும் சோதனையும் உண்டு. கிணற்று நீரையும் போர் நீரையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் குளோரைடு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீடு கட்டியபோது ஊற்றியது எந்தத் தண்ணீர் என்று உரிமையாளரைக் கேட்கலாம். உண்மையைச் சொல்லும் உரிமையாளர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்; கேட்கத்தான் ஆளில்லை.

பொறியாளரின் அறிக்கை கையில் இருந்தால் விலையும் வேறு மாதிரி பேசப்படும். முந்தைய கணக்கில் கட்டடத்தின் ஆயுளை 60 என்பதற்குப் பதிலாக 40 என்று வைத்தால் தேய்மானம் 30-லிருந்து 45 சதவீதமாகிவிடும். மூன்றேகால் லட்சம் குறையும். தரகரின் ஆரூடத்துக்கு எதிராக வைக்க வாங்குபவரிடம் இருக்கும் ஒரே சரக்கு இதுதான்.

பவளக்கல் வீடுகள்

பனிமய மாதா பேராலயத்தைச் சுற்றியும் கிரேட் காட்டன் ரோட்டின் கிளைத் தெருக்களிலும் இன்னும் நிற்கும் பழைய வீடுகளுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தாது. அவற்றில் கம்பியே இல்லை. பர்மா தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், கனத்த சுண்ணாம்புக் காரைச் சுவர். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்து வந்து கட்டவும், சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் செய்த காலம் ஒன்று இருந்தது. அந்த வெட்டின் விளைவாகத் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பவளம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இனி அந்தக் கல்லை எடுப்பது குற்றம்.

இந்த வீடுகளில் நடக்கும் கொடுமை, சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. உப்பு உள்ளுக்குள் படிகமாகிக் கல்லை மாவாக்குகிறது. பழைய வீடு வாங்குகிறவர், சுவரில் புதுச் சிமென்ட் பூச்சைப் பார்த்தால் ‘நல்லாப் பராமரிச்சிருக்காங்க’ என்று சந்தோஷப்பட வேண்டாம். உத்திரத்தின் இரு முனைகளும் சுவருக்குள் புதையும் இடத்தை ஓர் ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். கரையானும் மக்கலும் அங்கேதான் தொடங்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், மீதி ஆயுள் போதாது என்பார்கள். ஆனால் சரியான கைகளில் அந்த வீடு பக்கத்து அடுக்குமாடியைவிட நீண்ட காலம் நிற்கும்.

தண்ணீர் எதுவரை வந்தது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்த வெள்ளம் நகரை நோக்கி வந்தது. நகருக்குள் பக்கிள் ஓடையை ஒட்டிய பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. 2021 நவம்பரிலும் பல தெருக்கள் மூழ்கின.

இந்த வெள்ளம் எந்த வில்லங்கச் சான்றிலும் இல்லை. பட்டாவில் இல்லை. எந்த வீட்டுக்குள் எத்தனை அடி வந்தது என்று ஓர் அரசாங்கக் காகிதத்தைப் பார்த்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் தெருவுக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பாட்டியிடம், முக்கு மளிகைக்கடைக்காரரிடம் கேட்டால் கையால் உயரத்தைக் காட்டுவார்கள். வீட்டுக்குள் அதன் தடயம் பெயிண்ட்டுக்குத் தப்பும் இடங்களில் இருக்கும்: மரக் கதவு நிலையின் அடி, சுவரோடு பதித்த அலமாரியின் உள்பக்கம், ஸ்விட்ச் பாக்ஸுக்குள். கீழ் வரிசை ப்ளக்குகளை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். செப்டிக் டேங்கும் தரைக்கடித் தொட்டியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். வெள்ளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அந்த டிசம்பருக்குப் பிறகும் வீடுகளின் விலை பேசும்போது வெள்ளம் ஓர் அம்சமாகவே வராதது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. மாநகராட்சி நினைத்தால் தெருவாரியாக 2023 வெள்ளத்தின் உயரத்தைக் கல்லில் குறித்து வைக்கலாம். விற்பவர்கள் எதிர்ப்பார்கள்தான். ஆனால் தண்ணீர் ஏறிய அந்த வீடுதான் வாங்குபவரின் பிள்ளைகள் தூங்கும் இடம்.

முத்துக்குளிப்பில் இருந்த முறை

வாங்குவதற்கு முன்பு ஆராய்வது இந்தக் கடற்கரைக்கு அந்நியமான பழக்கம் ஒன்றுமில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் அரசு எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவித்துவிடாது. முதலில் சிப்பி விளையும் கடலடிப் பார்களைப் பரிசோதிக்க ஆட்களும் குளிகாரர்களும் போவார்கள். சிப்பியின் வயது பார்த்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துக் கரையில் அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடைகளில் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு என்ன மதிப்பு என்று முத்து வியாபாரிகளை வைத்தே மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பு தேறினால்தான் குளிப்பு. ஏலத்தில் வியாபாரி எடுப்பது திறக்காத சிப்பியை, ஆயிரம் ஆயிரமாக. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத சரக்குக்கு, மாதிரி மதிப்பீடு ஒன்றுதான் பிடிமானம். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. திறக்காத சரக்கை மாதிரி பார்க்காமல் வாங்கக் கூடாது என்ற அந்த நிதானம், ஆயுள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும் இன்றைய தலைமுறைக்கு வராமல் போயிருக்க வேண்டியதில்லை.

வெளிநாடுகளில் சில இடங்களில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு விடுபவரே பட்டயம் பெற்ற சொத்து ஆய்வாளரைக் கொண்டு வீட்டின் நிலையையும் மதிப்பையும் எழுதி வாங்கி வைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இது கட்டாயம். அதோடு உரிமையாளர் நிரப்ப வேண்டிய கேள்வித்தாளும் உண்டு. புயல், வெள்ளம், தீயால் வீட்டுக்குச் சேதம் ஏற்பட்டதா என்பதும் அதில் ஒரு கேள்வி. அமெரிக்காவில் பரிசோதனை திருப்தி தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது வழக்கம்.

நம் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. மறைப்பதை மோசடி என்றே சொல்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குறையைப் பார்க்காமல் விட்டவருக்கு அந்தப் பிரிவு துணை வராது. எனவே பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

காகிதத்திலும் கடற்கரை வழக்கங்கள்

வில்லங்கம், பட்டா, புலப்படம், வரி ரசீது எல்லாம் எல்லா ஊருக்கும் பொது, வக்கீல் பார்ப்பார். இந்தக் கரைக்கே உரிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிறிஸ்தவக் குடும்பச் சொத்துக்கு 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் தகப்பனார் இறந்திருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. ‘அக்காவுக்குச் சீதனம் குடுத்தாச்சு’ என்று அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட வந்தால், அக்காவின் விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். இஸ்லாமியச் சட்டத்தில் வாய்மொழி தானமும் செல்லும் என்பதால், பதிவாகாத ஹிபா எந்த வில்லங்கச் சான்றிலும் காட்டாது. வீட்டில் குடியிருப்பவர் யார், எந்த உரிமையில் என்று நேரில் விசாரிக்காமல் நகரக் கூடாது.

கப்பலுக்குப் போனவர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும் நிறைந்த ஊர் இது. பவர் பத்திரத்தின் பேரில் விற்பனை அதிகம். பவர் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் அன்றே முடிந்தது. வெளிநாட்டில் எழுதியது என்றால் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். பவரை மட்டும் வாங்கிக்கொண்டு ‘வீடு நம்மளுது’ என்று இருப்பவர்களுக்கு, அப்படி உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கடலோரத்தில் இன்னொரு கோடு உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பேசும். அங்கே வாங்கும் வீட்டை நாளை இடித்துக் கட்டலாமா, மாடி எழுப்பலாமா என்பதை வாங்குவதற்கு முன்பே வரைபடத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உப்பளங்களை ஒட்டியும் எட்டயபுரம் ரோட்டிலும் புதிதாக விழும் மனைகளில், அங்கீகாரம் இல்லாதவற்றைப் பதிய முடியாது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு மனையாகப் பதிவானவற்றுக்குத்தான் வரன்முறைச் சலுகை.

விற்பவருக்கும் இதில் நஷ்டம் இல்லை

இதையெல்லாம் வாசிக்கும் விற்பவருக்கு எரிச்சல் வரலாம். ஆனால் வங்கி மதிப்பீடு குறைந்து கிரையம் முறிந்தால் அவருக்கும்தான் மாதங்கள் வீண். வீட்டை விலைக்குச் சொல்வதற்கு முன்பே தானே ஒரு மதிப்பீட்டாளரையும் பொறியாளரையும் அழைத்துப் பார்த்துவிட்டால், எந்த விலை நிற்கும் என்று தெரிந்துவிடும். சன்ஷேடில் தெரியும் கம்பியைத் துரு நீக்கி, காப்புப் பூச்சுப் பூசி, முறையாகச் சரிசெய்து அதன் ரசீதை வைத்திருந்தால், வாங்குபவர் அதைக் குறையாகப் பார்க்க மாட்டார். அனுமதி இல்லாத மாடி இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. மதிப்பீட்டாளர் எப்படியும் சொல்லத்தான் போகிறார். பட்டாவில் இன்னும் தாத்தா பெயர் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம் தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை அறிவிப்பு இவற்றுக்கு மாதங்கள் ஆகும். தரகரைக் கூப்பிடுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை.

அட்வான்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவாவதற்கு முன்பு பெரிய தொகை கை மாறக் கூடாது. டோக்கன் என்று சிறு தொகை கொடுத்து, பதினைந்து நாள் கேட்டு வாங்கி, அதற்குள் பொறியாளர், மதிப்பீட்டாளர், வக்கீல் மூவரையும் அனுப்பிவிட வேண்டும். நாம் முன்கூட்டி வைக்கும் மதிப்பீட்டாளர் வங்கியின் பட்டியலில் இருப்பவராக இருந்தால் நல்லது. பிறகு வரும் எண் பெரிதாக மாறாது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வங்கி மதிப்பீடு இன்ன தொகைக்குக் கீழே போனாலும், கட்டமைப்பில் இன்ன செலவுக்கு மேல் குறை கண்டாலும், அட்வான்ஸை இத்தனை நாளுக்குள் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, எதுவரை என்பதையும் விற்பவரின் கூற்றாக அதிலேயே எழுதி வாங்குங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பவரிடம் ஏன் என்று கேட்கலாம். அவர் சொல்லும் காரணம் சரியாகவும் இருக்கலாம். அதைக் கேட்ட பிறகு பணத்தை எண்ணலாம்.